கோட்டைகளும் அரண்மனைகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விடுமுறைப் பயணம் பற்றியவை. அவற்றுள் கோட்டைகளையும் அரண்மனைகளையும் காணப் போகிறவர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, காலாண்டுத் தேர்வு விடுமுறையில் குடும்பத்துடன் காரில் புறப்படுகிறோம். பிள்ளைகள் ஏழாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். இரண்டே நாட்களில் வேலூர், செஞ்சி, தஞ்சாவூர், தரங்கம்பாடி ஆகிய நான்கையும் பார்த்துவிட முடியுமா? எந்த வரிசையில் செல்லலாம்?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: செல்லலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான்கு வாசல்களில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குப் பிள்ளைகளின் விடுமுறையைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. மற்ற மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிட்டு, திருவண்ணாமலையில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலையிலேயே செஞ்சிக்குச் சென்று, அந்தப் பகல் முழுவதையும் அங்கேயே கழியுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராத்தியரின் இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி.

செஞ்சி ஒரே கோட்டை அல்ல என்பதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றுக்கு இடைப்பட்ட சமவெளியையும் மதில்களால் வளைத்துக் கட்டிய அமைப்பு அது. கோனார் மரபினர் தொடங்கி, நாயக்கர்கள் விரிவாக்கி, 1649-இல் பீஜப்பூர் சுல்தான்கள் கைப்பற்றி, 1677-இல் சிவாஜி வென்றெடுத்து, பிறகு முகலாயர், ஆற்காட்டு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒவ்வொருவராக ஆண்ட இடம் அது. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இதை முற்றுகையிட்டிருந்தார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஒரு பேரரசின் படை வெளியே காத்திருக்க, உள்ளே இருந்தவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டிய கேள்வி இதுதான். விடையை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

விடை பெரும்பாலும் நீரிலும் தானியத்திலும் இருக்கிறது. எந்தக் கோட்டைக்குப் போனாலும் அரியணை எங்கே என்று தேடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே என்று தேடுங்கள். ராஜகிரியின் அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் என இரண்டு குளங்கள் உள்ளன. கல்யாண மகால் என்னும் உயர்ந்த அடுக்குமாளிகையின் மேல்மாடிகள் வரை சுட்ட மண் குழாய்கள் வழியே தண்ணீர் ஏற்றப்பட்டிருக்கிறது. அந்தக் குழாய்த் தடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். அருகிலேயே தடித்த சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட மாபெரும் தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. யானைக்குளம், குதிரை லாயங்கள், உடற்பயிற்சிக்கூடம் ஆகியவையும் அடிவாரத்திலேயே இருப்பதால், மலை ஏறாதவர்களும் அரை நாளைப் பயனுள்ள வகையில் கழிக்கலாம்.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. காலை வெயில் ஏறுவதற்குள் படியேறத் தொடங்கிவிட வேண்டும். பிற்பகலில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் காவலர்கள் மேலே ஏற விடுவதில்லை. உச்சிக்குச் சற்றுக் கீழே பாறையில் இயற்கையாக அமைந்த ஆழமான பிளவு ஒன்று வரும். அதன் மேல் போடப்பட்டிருக்கும் பாலத்தை அகற்றிவிட்டால், கீழே உள்ள கோட்டை முழுவதும் விழுந்த பிறகுகூடச் சிலர் மேலே இருந்து போராட முடியும். அந்தப் பாலத்தில் சற்று நின்று கீழே பாருங்கள். அந்த எட்டு ஆண்டுகள் எப்படிச் சாத்தியமாயின என்பது பிள்ளைகளுக்கு அங்கே விளங்கிவிடும். உச்சியில் ரங்கநாதர் கோயிலும் மணிக்கூண்டும் களஞ்சியங்களும் பழைய பீரங்கி ஒன்றும் இருக்கின்றன.

மேலே கடைகள் எதுவும் கிடையாது என்பதால் போதிய குடிநீரை எடுத்துச் செல்லுங்கள். உணவுப் பொட்டலங்களைக் கையில் தெரியும்படி வைத்திருந்தால் குரங்குகள் பறித்துவிடும். இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாகையால் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இறங்கியபின் நேரமிருந்தால் கோட்டைக்குள் இருக்கும் வேங்கடரமணர் கோயிலுக்கும் செல்லுங்கள். பிரெஞ்சுக்காரர் செஞ்சியிலிருந்து எடுத்துச் சென்ற தூண்கள்தாம் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை. அடுத்த முறை அந்தக் கடற்கரைக்குப் போகும்போது, அவை எங்கிருந்து வந்தன என்பதைப் பிள்ளைகளே உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

கேள்வி: செஞ்சியில் எங்களுக்கு வழிகாட்டியவர் தேசிங்கு ராஜன் கதையைக் கண்ணீர் வரும்படி சொன்னார். அது நடந்ததா, கட்டிய கதையா?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: நடந்த ஒரு போரின் மேல் மக்கள் கட்டியெழுப்பிய கதை. தேஜ் சிங் என்ற இளைஞர் தம் தந்தை சொரூப் சிங்குக்குப் பின் செஞ்சியின் பொறுப்பை ஏற்றதும், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் அவரிடம் கப்பப் பாக்கியைக் கேட்டதும், 1714-இல் சிறு படையோடு எதிர்த்து நின்ற தேஜ் சிங் களத்தில் மாண்டதும் வரலாறு. தேஜ் சிங் என்ற பெயரே மக்கள் வாயில் தேசிங்கு ஆயிற்று. அவருடைய குதிரையின் வீரமும், திருமணக் கோலத்தில் இருந்தபோது செய்தி கேட்டு எழுந்து வந்து நண்பனுக்காக உயிர் கொடுத்த மகமத்கானின் நட்பும் கதைப்பாடல் வழியே நமக்கு வந்தவை. சில மாதங்களே ஆண்ட, தமிழரல்லாத ஒரு புந்தேல ராஜபுத்திரரை இந்த மண்ணின் பாடகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம்மவராகவே வைத்துப் பாடியிருக்கிறார்கள். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் உயிர் நண்பர்களாக இருந்ததை அந்தப் பாடலின் உயிராகவும் வைத்திருக்கிறார்கள். ஆகவே வழிகாட்டி சொன்னதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். போர் எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்பது தெரிந்திருந்தால் போதும். அங்குள்ள சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அந்தப் போருக்குப் பின் சில ஆண்டுகளில் எழுந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கன்னியாகுமரி போகும் வழியில் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கச் சென்றோம். திங்கட்கிழமை என்பதால் மூடியிருந்தது. வாசலில் கேரள அரசின் பலகை இருந்ததைக் கண்டு வியப்பாக இருந்தது. தமிழ்நாட்டில் உள்ள அரண்மனை கேரளத்திடம் இருப்பது எப்படி? மீண்டும் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: ஊருக்குப் புறப்படும் முன் அந்த இடம் எந்தத் துறையின் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். பத்மநாபபுரம் கேரளத் தொல்லியல் துறையிடம் இருப்பதால் திங்கட்கிழமை விடுமுறை. நண்பகலுக்குப் பின் ஒரு மணி நேரம் உணவு இடைவேளையும் உண்டு. தமிழக அரசின் அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள மத்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தக்கலைக்கு அருகில் உள்ள பத்மநாபபுரமும் அவற்றோடு வந்தது. ஆனால் அரண்மனை திருவிதாங்கூர் அரச மரபோடு பிணைந்தது என்பதால் அதன் பராமரிப்பு கேரளத்திடமே தங்கிவிட்டது. எல்லை பிரிந்தபின்னும் உறவு பிரியவில்லை என்பதை நவராத்திரியில் நேரில் காணலாம். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஆகிய மூன்று தெய்வத் திருமேனிகளும் அரச உடைவாளோடு இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்று திரும்புகின்றன. இரு மாநிலக் காவலர்களும் அணிவகுத்து மரியாதை செலுத்தும் அந்த நாளில் தக்கலைச் சாலையோரத்தில் நிற்பதற்காகவே பயணத் தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்பேன்.

கல்குளம் என்று வழங்கிய இந்த இடத்தில் 1601 அளவில் அரண்மனை எழுந்தது. அதிலும் பழையதான தாய்க் கொட்டாரம் இன்னும் நிற்கிறது. மார்த்தாண்ட வர்மர் 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற பிறகு அரண்மனையைப் பெரிதும் திருத்திக் கட்டினார். 1750-இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து அவருடைய அடியவராகத் தம்மை அறிவித்துக்கொண்டார். 1795 அளவில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது.

உள்ளே நுழைந்ததும் பலர் ஏமாற்றமடைகிறார்கள். பளிங்கும் தங்கமும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, தாழ்ந்த ஓட்டுக் கூரையும் மர உத்தரங்களும் குறுகிய படிக்கட்டுகளும் ஒரு பெரிய வீட்டைப் போலத்தான் தெரியும். தச்சர்களின் அரண்மனையாக அதைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூமுகம் என்னும் முன்மண்டபத்தின் மேற்கூரையில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத பூக்களை மரத்தில் செதுக்கியிருக்கிறார்கள்; அண்ணாந்து பார்த்தாலன்றி அவை கண்ணில் படமாட்டா. அதற்கு மேல்தளத்தில், அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில், வண்ண அபிரகத் (மைக்கா) தகடுகள் பதித்த சாளரங்கள் வழியே வெளிச்சம் மென்மையாக இறங்குகிறது. நண்பகல் வெயிலில்கூட அந்த அறை குளிர்ந்திருப்பதைக் காற்று புகும் மரச்சட்டங்களின் அருகில் நின்றால் உணரலாம். கருங்கண்ணாடிபோல் மின்னும் தரைகள் சுண்ணாம்பு, கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெண்கரு முதலியவற்றைக் குழைத்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றப்பட்டவை. அதனால்தான் காலணிகளை வெளியே விடச் சொல்கிறார்கள். அந்த விதியை யாரும் சலிப்போடு பார்க்க வேண்டாம். வெறுங்காலால் நடக்கும்போதுதான் அந்தத் தரையின் அருமை தெரியும்.

ஊட்டுப்புரையை மட்டும் அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேருக்கு உணவு பரிமாறப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நீண்ட கூடங்களில் அலங்காரம் எதுவும் இல்லை; பெரிய ஊறுகாய் ஜாடிகளும் வெறும் தரையும்தான் இருக்கின்றன. அரசு என்ற ஒன்று யாருக்கெல்லாம் சோறு போட வேண்டியிருந்தது என்பதை அந்த நீளம் சொல்கிறது. உப்பரிகை மாளிகையின் மேல்தளம் இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது. அங்குள்ள சுவரோவியங்களைப் பாதுகாக்கும் பொருட்டுப் பல நேரங்களில் பார்வையாளர்களை விடுவதில்லை. விடாத நாளில் காவலரோடு வாதிட வேண்டாம்.

அரை மணி நேரம் மிச்சமிருந்தால் அருகிலுள்ள உதயகிரிக் கோட்டைக்குச் செல்லுங்கள். குளச்சலில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் அவர் படையையே பயிற்றுவித்துத் தளபதியான டிலனாய் 1777-இல் இறந்தபின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். தோற்க வந்த நாட்டிலேயே அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து மறைந்தார். லத்தீனும் தமிழும் பொறித்த அந்தக் கல்லறைகளுக்கு முன்னே பெரும்பாலும் கூட்டமே இருப்பதில்லை.

கேள்வி: மதுரையிலேயே பிறந்து வளர்ந்தும் நாயக்கர் மகாலுக்குள் சென்றதில்லை. 'ஒரே ஒரு பெரிய கூடம்தான், பார்க்க ஒன்றுமில்லை' என்கிறார்கள். உண்மையா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: பார்க்க நிறைய இருந்தது, எஞ்சியிருப்பதுதான் அந்தக் கூடம். 1636-இல் திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் கால் பங்குகூட மிஞ்சவில்லை. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இருந்த இரு பெரும் பகுதிகளுள் சொர்க்க விலாசமும் அதை ஒட்டிய நாடகசாலையும்தான் இன்று நாம் காண்பவை. திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். பின்வந்த போர்களில் கவனிப்பாரின்றிப் போன கட்டடத்தை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். பிறகு நெடுங்காலம் அது நீதிமன்றமாக இயங்கியது. 1970 வரை வழக்காடிகளும் வக்கீல்களும் அந்தத் தூண்களுக்கு நடுவேதான் நடமாடினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். யாரேனும் ஒருவர் வாய்தாவுக்காக அங்கே போய்க் காத்திருந்திருக்கக்கூடும்.

முதலில் மகாலுக்குள் போகாமல், வடக்கே விளக்குத்தூண் பக்கத்தில் இருக்கும் பத்துத்தூண் சந்துக்குப் போங்கள். துணிக்கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே, கூரை ஏதுமின்றி வானத்தைத் தாங்கி நிற்கும் அந்தக் கருங்கல் தூண்களும் அரண்மனையின் பகுதிதான். அங்கிருந்து மகாலின் வாசல் வரை நடந்து வந்தால், அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது உங்கள் காலுக்கே தெரியும். அதன் பிறகு உள்ளே சென்று, மைய மண்டபத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்று மேலே பாருங்கள். இரும்பு விட்டம் ஒன்றுகூட இல்லாமல், செங்கல்லையும் சுண்ணாம்பையும் வளைவு வளைவாக ஏற்றி அத்தனை உயரத்தை மூடியிருக்கிறார்கள். ஒருவருடைய கைகளுக்குள் அடங்காத பெருந்தூண்களின் வழவழப்பு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைக் கலந்து பூசித் தேய்த்ததால் வந்தது. யாளிகளும் பூதங்களும் நிறைந்த சுதை வேலைப்பாடுகள் தூண்களுக்கு மேலே, வளைவுகள் கூடும் இடங்களில் இருக்கின்றன.

காலை திறந்தவுடன் சென்றால் முற்றத்தில் சாய்வெயில் விழும். தூண்களின் நிழலோடு கூடத்தைக் காணலாம். மாலை ஒலி-ஒளிக் காட்சி 1981 முதல் நடந்துவருகிறது. பராமரிப்புப் பணிகளால் சில வேளைகளில் அது நிறுத்தப்படுவதால், விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். 'ஒன்றுமில்லை' என்று சொன்னவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: அதே மகாலின் தூண்களில் காதலர் பெயர்களும் கட்சிச் சின்னங்களும் கீறப்பட்டிருப்பதைக் கண்டு மனம் நொந்தேன். இதற்குச் சட்டத்தில் தண்டனையே இல்லையா? பூசி மறைத்துவிடக் கூடாதா?
(ஒரு கல்லூரி மாணவர், விருதுநகர்)

பதில்: தண்டனை உண்டு. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், மாநிலத்தின் பாதுகாப்பில் உள்ளவற்றுக்கு 1966-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. மத்தியச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்ட பிறகு, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

பூசி மறைப்பது நீங்கள் நினைப்பதைவிடக் கடினமானது. பழைய சுண்ணாம்புப் பூச்சின் மெருகு மிக மெல்லிய மேலடுக்கில் இருக்கிறது. ஆணியால் ஒரு முறை கீறினால் அந்த அடுக்கு போய்விடும். புதிதாகப் பூசுவது பழைய மெருகோடு ஒன்றிவிடாது. சிமெண்டால் அடைப்பது இன்னும் கெடுதல். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடையது. சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளேயே தடுத்துவிடுவதால், உப்புப் பூத்து, ஒட்டு நின்றாலும் அதைச் சுற்றியுள்ள பழைய பூச்சு உதிர்ந்துவிடும். இதனால்தான் பாதுகாப்புப் பணியாளர்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பை நாட்கணக்கில் புளிக்கவைத்து, பழைய முறையிலேயே வேலை செய்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவர் கீறியதைச் சரிசெய்ய ஒரு கைவினைஞர் பல நாட்கள் உழைக்க வேண்டியிருக்கிறது, அப்படியும் தழும்பு மறைவதில்லை என்பதை நினைக்கும்போது எனக்கும் ஆற்றாமையாகவே இருக்கிறது. யாராவது கீறுவதைக் கண்டால் நேரில் சண்டையிடாமல் உடனே காவலரிடம் சொல்லுங்கள். உங்கள் கல்லூரியிலிருந்து சுற்றுலா செல்லும் முன், இந்த மெருகு எப்படி உண்டாகிறது என்பதைப் பத்து நிமிடம் விளக்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எச்சரிக்கைப் பலகையைவிட அது பயன் தரும் என்பது என் நம்பிக்கை.

கேள்வி: வணக்கம் ஐயா. கண்டியின் கடைசி அரசர் வேலூரில் சிறை வைக்கப்பட்டார் எனப் படித்திருக்கிறேன். தை மாதம் தமிழ்நாட்டுக்கு வரும்போது அந்த இடத்தைப் பார்க்க விரும்புகிறேன். வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் மிக அதிகம் என்கிறார்களே? லண்டனில் இருந்து என் தங்கையும் வருகிறார்.
(ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: கட்டணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் இலங்கையும் இடம்பெற்றுள்ள சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்பு நாடுகளின் குடிமக்களுக்கு இந்தியர்களுக்குரிய கட்டணமே வசூலிக்கப்படுகிறது. இலங்கைக் கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். உங்கள் தங்கையிடம் இலங்கைக் கடவுச்சீட்டோ வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டையோ இருந்தால் அவருக்கும் அவ்வாறே. இல்லாவிட்டால் வெளிநாட்டவர் கட்டணம்தான்.

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் மரபில் வந்தவர். 1815-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1816-இல் குடும்பத்துடன் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832-இல் இறக்கும் வரை அந்தக் கோட்டைக்குள்ளேயே வாழ்ந்தார். அவருடைய நினைவிடம் கோட்டைக்குள் இல்லை. பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது. ஆகவே இரண்டு இடங்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

நாயக்கர் காலத்தில் எழுந்த வேலூர்க் கோட்டையின் அகழியில் இன்றும் நீர் நிற்பதைக் காணலாம். உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், ஹைதர் மகால், திப்பு மகால் ஆகியவை உள்ளன. ஸ்ரீரங்கப்பட்டினம் 1799-இல் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தினரும் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 10 அன்று, சமயக் குறிகளையும் தாடியையும் விலக்கிப் புதிய தலைப்பாகையை அணியச் சொன்ன ஆணையால் கொதித்த சிப்பாய்கள் இங்கே கிளர்ந்தெழுந்து, சில மணி நேரம் கோட்டையைத் தம் வசம் வைத்திருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த குதிரைப்படை அன்றே அதை இரத்தத்தில் அடக்கியது. அதன்பின் திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பத்து ஆண்டுகள் கழித்துக் கண்டி அரசர் இதே மதில்களுக்குள் வந்து சேர்ந்தார். ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்குக் குறைந்தது ஒரு மணி நேரமாவது கொடுங்கள். நெடுங்காலம் வழிபாடின்றி வெறுமனே நின்ற அந்தக் கோயிலில் 1981-இல்தான் மக்கள் முயற்சியால் மீண்டும் லிங்கம் நிறுவப்பட்டது. தை மாதம் வேலூருக்கு ஏற்ற காலம்; சித்திரையில் அந்தக் கல் மதில்களின் மேல் நடக்கவே முடியாது.

கேள்வி: தஞ்சாவூர் அரண்மனையில் ஆளுக்கொரு பக்கம் சீட்டு கேட்கிறார்கள். எதை வாங்குவது, எதை விடுவது?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: ஒரே வளாகத்துக்குள் வெவ்வேறு பொறுப்பாளர்கள் இருப்பதால் வரும் குழப்பம் அது. கலைக்கூடத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். திருவெண்காட்டில் கிடைத்த, இராசராசன் காலத்தைச் சேர்ந்த ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. காளை இல்லை, ஆனால் இல்லாத காளையின் மேல் சாய்ந்திருக்கும் அந்த வலக்கையின் தளர்ச்சியும், பாம்புகளோடு சுற்றிய தலைப்பாகையும், காளை அங்கே நிற்பதாகவே நம்பவைக்கும். இதற்கு மட்டும் ஒரு சீட்டு என்றாலும் தகும்.

அடுத்தது சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடம். நாயக்கர் காலத்தில் தொடங்கிய அந்தச் சுவடித் தொகுப்பை 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி பெருக்கினார். அதிகாரம் முழுவதும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போய்விட்ட நிலையில், அவர் தம் பொழுதை நூல்களிலும் மருத்துவத்திலும் செலவிட்டார். கண்நோயாளிகளுக்குச் செய்த சிகிச்சைகளை நோயுற்ற கண்ணின் வண்ணப் படத்தோடு பதிந்துவைத்த ஏடுகள் அவர் காலத்தவை. மராத்திய தர்பார் மண்டபத்தின் வண்ணச் சுதைகளைப் பார்த்துவிட்டு, கால் வலிக்காவிட்டால் கோபுரத்தில் ஏறித் திமிங்கில எலும்புக்கூட்டையும் பாருங்கள். பிள்ளைகள் உடன் வந்தால் அவர்கள் அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள்.

கேள்வி: என் தந்தைக்கு எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி. வரலாற்றில் ஆர்வம் மிக்கவர். அவரை எங்கே அழைத்துச் செல்லலாம்?
(ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. கன்னியாகுமரியை அடுத்துக் கடலோரத்தில் உள்ள வட்டக்கோட்டையில் மதிலின் மேல் செல்லச் சாய்தளம் உண்டு. ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் மலையையும் பார்த்தபடி அமரலாம். டிலனாயின் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்ட கோட்டை என்பதால் பேசவும் நிறைய இருக்கும். பத்மநாபபுரத்தின் மரப்படிகள் செங்குத்தானவை, நிலைகள் தாழ்ந்தவை. அவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம். சற்றுத் தொலைவு போக முடியுமானால் வேலூர்க் கோட்டையும் தரங்கம்பாடியும் ஏற்றவை. வேலூரில் வாகனம் உள்ளேயே செல்லும்; தரங்கம்பாடியில் எல்லாம் சிறு தூரத்துக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் ஓவியங்களைப் படமெடுக்க முயன்றபோது தடுத்துவிட்டார்கள். கைப்பேசியில் எடுப்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது?
(ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: சுவரோவியங்களின் வண்ணம் வெளிச்சத்தால் மெல்ல மெல்ல வெளிறக்கூடியது. ஒருவருடைய கைப்பேசியின் மின்னொளி ஒன்றும் செய்துவிடாது என்றாலும், ஒவ்வொருவரும் அப்படியே நினைத்து எடுப்பதால் ஆண்டுகள் போகப் போக ஓவியம்தான் பாதிக்கப்படுகிறது. சில இடங்களில் கட்டணம் செலுத்தி, மின்னொளி இல்லாமல் படமெடுக்க அனுமதிக்கிறார்கள். கேமரா முக்காலியும் டிரோனும் எழுத்து மூலமான முன் அனுமதி இன்றி எங்கும் கூடாது.

அந்தத் தடையை ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, மீண்டும் ஒரு முறை, வெள்ளிக்கிழமை தவிர்த்து, வெறுங்கையோடு போய் வாருங்கள். கிழவன் சேதுபதி எழுப்பிய அந்த மாளிகையின் சுவர்களில் உள்ள ஓவியங்கள் முத்து விஜய ரகுநாத சேதுபதியின் காலத்தவை. தஞ்சை மராத்தியரோடு நடந்த போரை ஒரு சுவரில் முழுக்க வரைந்திருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் நின்று போரிடுகிறார்கள் என்று தலைப்பாகைகளைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். இன்னோரிடத்தில் சேதுபதி இராசராசேசுவரி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார். வேறோரிடத்தில் ஐரோப்பியர்கள் அவரைச் சந்திக்க வந்திருக்கிறார்கள். இராமாயணமும் கண்ணன் கதையும் வரிசை வரிசையாகச் செல்கின்றன. ஒரு கைவிளக்கைக்கூட எடுத்துச் செல்லாமல், கண் அந்த அரையிருளுக்குப் பழகும் வரை சில நிமிடங்கள் சும்மா நில்லுங்கள். அதன் பிறகு வடக்குச் சுவரா, தெற்குச் சுவரா என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வாருங்கள். புரியாத காட்சி எது என்பதைக் குறித்து எனக்கு எழுதினால் அடுத்த இதழில் விளக்கம் தருகிறேன்.